கழற்றுமுன் கணக்குப் பாருங்கள்

புதுச் சாமான் ஒன்று வாங்குவதென்றால் குடும்பத்தார் எல்லாரும் கூடிப் பத்து நாள் ஆலோசனை செய்கிறோம். பழைய சாமான் ஒன்றை அப்புறப்படுத்துவதென்றால் ஆலோசனையே கிடையாது. "இது இனி யாருக்கு வேண்டும்?" என்று ஒருவர் கேட்பார், பதில் வருவதற்கு முன்னால் சாமான் தெருவுக்குப் போய்விடும். மறுநாள் காலையில் அடுக்களையிலிருந்து ஒரு குரல் கிளம்பும். அந்தச் சாமான் யாருக்கு வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் விளங்கும்.

கணினி வைத்திருப்பவர்களும் இதே வழக்கத்தைத்தான் கைக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஒரு பெரிய விசேஷம் உண்டு. "இது யாருக்கு வேண்டும்?" என்ற கேள்விக்கு அது தானாகவே, அதுவும் சாமான் வெளியே போவதற்கு முன்பாகவே, பெயர் பெயராகப் பதில் சொல்லிவிடுகிறது. அந்தப் பதிலைப் படிக்காமல் "சரி" என்று தட்டிவிடுவதுதான் நம்மவர் செய்கிற காரியம். அப்புறம், "ஒரு சிறிய மென்பொருளை நீக்கச் சொன்னேன், திரை முழுவதும் கறுத்துப் போய்விட்டது, இது என்ன அநியாயம்!" என்று அங்கலாய்க்கிறார்கள்.

இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அங்கே நடப்பது என்ன என்பதை இந்த வாரம் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே அம்மி, பல மருமகள்கள்

லினக்ஸ் உலகில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டி வழங்கப்படுகின்றன. "பேக்கேஜ்" என்று பலரும் சொல்வது இந்தப் பொதியைத்தான். இயன் மர்டாக் என்பவர் 1993-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தொடங்கி வைத்த டெபியன் என்னும் வழங்கலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உபுண்டு முதலிய பல வழங்கல்கள் அதன் வழியில் வந்தவையே. 2025-ம் வருஷம் ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ன் களஞ்சியத்தில் 69,830 பொதிகள் இருக்கின்றன. இவற்றில் தன்னந்தனியே நின்று வேலை செய்பவை மிகச் சில. மற்றவையெல்லாம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டுதான் நிற்கின்றன.

காரணம் சிக்கனம். எழுத்துக்களைத் திரையில் வரைவது, படங்களைப் பிரித்துக் காட்டுவது, இணையத்தில் இரகசியமாகச் செய்தி அனுப்புவது ஆகிய வேலைகள் நூற்றுக்கணக்கான மென்பொருள்களுக்குப் பொதுவானவை. ஒவ்வொரு மென்பொருளும் இவற்றுக்காகத் தனித்தனியே ஒரு கருவியைச் சுமந்து வருவதற்குப் பதிலாக, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கருவியை வைத்துவிட்டார்கள். இதற்கு லைப்ரரி என்று பெயர். கூட்டுக் குடும்பத்தில் நான்கு மருமகள்களுக்கும் ஒரே அம்மி இருப்பதைப் போன்றது இது.

இதனால் இடம் மிச்சமாவது மட்டுமல்ல. பெரிய பாதுகாப்பும் உண்டு. 2014-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் லைப்ரரியில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக வெளியாயிற்று. "ஹார்ட்பிளீட்" என்று அதற்குப் பெயரிட்டார்கள். உலகெங்கும் கணினிகளின் இரகசியங்கள் கசியக்கூடிய அபாயம் அது. பொதுவான லைப்ரரியை உபயோகித்த லினக்ஸ் கணினிகளில் அந்த ஒரே பொதியைப் புதுப்பித்து, அதை நம்பியிருந்த சேவைகளை மறுபடி தொடங்கியவுடன், அந்தச் சேவைகள் எல்லாவற்றிலும் ஓட்டை ஒருசேர அடைபட்டது. ஒவ்வொரு மென்பொருளும் தன் தன் பிரதியைத் தனியே வைத்திருந்தால் எத்தனை இடங்களில் ஒட்டுப்போட வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் பொதுச் சொத்துக்கு ஒரு தொல்லை உண்டு. மூத்த மருமகள் தனிக்குடித்தனம் போகும்போது அம்மியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. போனால் மற்ற மூவர் வீட்டிலும் அன்று சட்னி இராது. லினக்ஸில் ஒரு பொதியை நீக்கும்போது எழும் கேள்விகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

மேலே ஒரு பாதை, கீழே ஒரு பாதை

ஒவ்வொரு பொதியோடும் ஒரு குறிப்புச் சீட்டு வருகிறது. தான் இயங்குவதற்கு வேறு எந்தெந்தப் பொதிகள் அவசியம், எவை இருந்தால் நலம், எவை இருந்தால் சற்றே உபயோகம் என்று மூன்று தரமாக அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். அவசியமானவற்றையே சார்பு என்கிறோம். டி.பி.கே.ஜி. என்னும் மென்பொருள் இந்தச் சீட்டுகளைப் பதிவு செய்து பொதியை வைக்கவும் எடுக்கவும் செய்கிறது. அதற்கு மேலதிகாரியாக நின்று, எதை வைத்தால் எது வர வேண்டும், எதை எடுத்தால் எது போக வேண்டும் என்று கணக்குப் போடுவது ஆப்ட் என்னும் மென்பொருள்.

நீங்கள் ஒரு பொதியை நீக்கும்படி ஆப்டுக்கு உத்தரவிட்டால், அது இரண்டு திசைகளில் பார்க்கிறது.

முதலாவது, மேல்நோக்கி: இந்தப் பொதியை நம்பி யார் இருக்கிறார்கள்? அவர்களும் போக வேண்டியதுதான். இரண்டாவது, கீழ்நோக்கி: இந்தப் பொதிக்காக வந்து சேர்ந்தவர்கள் யார்? அவர்களுக்கு இனி வேலை உண்டா?

படம் தீட்டும் ஜிம்ப் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய தூரிகைகள், சின்னங்கள் முதலியவை ஜிம்ப்-டேட்டா என்ற தனிப் பொதியில் இருக்கின்றன. நீங்கள் ஜிம்ப்பை நீக்கினால் ஜிம்ப் மட்டும் போகும். ஜிம்ப்-டேட்டா வேலையற்று வீட்டிலேயே தங்கியிருக்கும். "இந்தப் பொதிகள் தாமாக வந்தவை; இனித் தேவையில்லை" என்று ஆப்ட் ஒரு வரி சொல்லி நிறுத்திக்கொள்ளும். மாறாக ஜிம்ப்-டேட்டாவை நீக்கச் சொன்னால் ஜிம்ப்பும் கூடவே போய்விடும். தூரிகையில்லாத சித்திரக்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே, கிளையை வெட்டினால் வேர் வீணாகக் கிடக்கும். வேரை வெட்டினால் கிளை விழும். நாம் கை வைப்பது கிளையிலா வேரிலா என்பதைப் பொதியின் பெயரையோ அளவையோ பார்த்துச் சொல்லிவிட முடியாது. பெரிய மென்பொருள் ஒன்று கிளையாக இருக்கலாம். பெயரே கேள்விப்படாத சிறு லைப்ரரி ஒன்று பாதி வீட்டையே தாங்கிக்கொண்டிருக்கலாம்.

இதற்குப் பிரசித்தமான உதாரணம் பைதான். உபுண்டுவில் உள்ள பைதான் பழையதாக இருக்கிறதென்று எண்ணி, அதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கலாமென்று எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். ஆனால் அந்த பைதான் நமக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. உபுண்டுவின் சொந்த நிர்வாகக் கருவிகள் பலவும் அந்த மொழியிலேயே எழுதப்பட்டவை. பைதானை எடுத்தால் அவையும், அவற்றை நம்பிய டெஸ்க்டாப்பின் பகுதிகளும் சேர்ந்து போய்விடுகின்றன. புதிய பைதான் வேண்டுமென்றால் பழையதன் பக்கத்திலேயே வேறாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. பழையதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

சில சமயங்களில் இன்னொரு விநோதமும் நேரிடும். ஒன்றை நீக்கச் சொன்னால் வேறொன்று புதிதாக வந்து உட்காரும். பி.எச்.பி. என்னும் மொழிக்கு, அப்பாச்சி என்ற இணையச் சேவகனோடு அதை இணைக்கும் பொதியோ, அல்லது அதே வேலையை வேறு விதமாகச் செய்யும் இரண்டு பொதிகளில் ஒன்றோ இருக்க வேண்டுமென்று சீட்டில் எழுதியிருக்கிறது. இணைக்கும் பொதியை மட்டும் நீக்கினால், சீட்டின் நிபந்தனை தவறக்கூடாதென்று மற்ற இரண்டில் ஒன்றை ஆப்ட் கொண்டுவந்து வைக்கும். சமையற்காரர் ஒருவர் நின்றால் இன்னொருவரைத் தேடிப் பிடிப்பது போலத்தான்.

அழைத்து வந்தவரும் கூட வந்தவரும்

இனி, இந்த விஷயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். வேலையற்றுத் தங்கிய பொதி எது என்று ஆப்டுக்கு எப்படித் தெரிகிறது?

கல்யாண வீட்டில் நாம் பத்திரிகை வைத்து அழைத்தவர் சிலர். அவருக்குத் துணையாகக் கூட வந்தவர் பலர். அழைக்கப்பட்டவர் ஊருக்குப் புறப்பட்டால் துணைவரும் புறப்பட வேண்டியதுதான். ஆப்ட் ஒவ்வொரு பொதியைப் பற்றியும் இந்தக் குறிப்பு ஒன்றை வைத்திருக்கிறது: இது வீட்டுக்காரர் தாமே கேட்டு வாங்கியதா, அல்லது வேறொன்றுக்குத் துணையாக வந்ததா? துணையாக வந்து, இப்போது யாருக்கும் துணையாக இல்லாதவற்றை "ஆட்டோரிமூவ்" என்னும் கட்டளை ஒருசேர வெளியேற்றுகிறது.

இது நல்ல ஏற்பாடு. இதைச் செய்யாமலே இருப்பதும் சரியன்று. புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய கெர்னல்கள் சேர்ந்துகொண்டே போனால், அவற்றுக்கென்று சிறு தனிப் பகுதி ஒதுக்கியுள்ள கணினிகளில் இடம் நிரம்பி, அடுத்த புதுப்பிப்பே நின்றுபோகும். ஆட்டோரிமூவ் பழைய கெர்னல்களை நீக்கும்போது, இப்போது ஓடிக்கொண்டிருப்பதையும் புதியதையும் விட்டுவைக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பொத்தல் உண்டு. துணையாக வந்தவர் நாளடைவில் வீட்டுக்கு மிகவும் வேண்டியவராக ஆகிவிடலாம். நீங்கள் தினந்தோறும் உபயோகிக்கும் ஒரு மென்பொருள், எப்போதோ வேறொன்றின் துணையாக வந்து சேர்ந்ததாக இருக்கலாம். நீங்கள் அதைத் தினம் திறக்கிறீர்கள் என்பது ஆப்டுக்குத் தெரியாது. அது ஏன் வந்தது என்பதுதான் தெரியும். இப்போது எதற்காக இருக்கிறது என்பது தெரியாது.

வெற்றுப் பொதிகளின் விஷயத்தில் இது பெரிய அபாயமாக முடியலாம். உள்ளே ஒரு மென்பொருளும் இல்லாமல், "இன்னின்னவை எல்லாம் வேண்டும்" என்ற பட்டியலை மட்டும் கொண்ட பொதிகள் உண்டு. முழு டெஸ்க்டாப்பையும் ஒரே சொல்லில் வரவழைப்பதற்காக அவற்றைச் செய்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒரு விளையாட்டையோ அஞ்சல் மென்பொருளையோ வேண்டாமென்று நீக்குகிறீர்கள். பட்டியல் குறைவுபட்டதால் வெற்றுப் பொதியும் நீங்குகிறது. அது வெற்றுப் பொதிதானே. அதனால் அன்றைக்கு ஒன்றும் கெடுவதில்லை. ஆனால் அதை நம்பி வந்திருந்த மற்ற அனைவரும் அந்தக் கணத்தில் ஆதரவற்றவராகிவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து இடத்தை மிச்சப்படுத்துவோமென்று ஆட்டோரிமூவ் செய்தால், டெஸ்க்டாப்பே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும். இத்தகைய பொதிகளின் உறுப்புகளை நாமே கேட்டு வாங்கியவையாகக் கருதும் விதியொன்றைப் பின்னாளில் சேர்த்திருக்கிறார்கள். ஆயினும் எல்லா வழங்கலிலும் எல்லாப் பொதிக்கும் அது காவல் நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது.

பரிகாரம் மிக எளிது. "ஆப்ட்-மார்க் மேனுவல்" என்று தட்டி, பொதியின் பெயரைச் சேர்த்தால் போதும். "இவர் கூட வந்தவரல்லர், என் விருந்தாளி" என்று நீங்கள் சொன்னதாகப் பதிவாகிவிடும். அப்புறம் ஆட்டோரிமூவ் அவரைத் தொடாது.

ஒரு வாக்கியத்தின் விலை

இவையெல்லாம் கற்பனைப் பயம் என்று எண்ண வேண்டாம். கனடா தேசத்து லைனஸ் செபாஸ்டியன் என்பவர் கணினிகளைப் பற்றிய காணொளிகளால் புகழ் பெற்றவர். 2021-ம் வருஷம் நவம்பரில் வெளியான ஒரு காணொளியில் அவர் பாப் ஓ.எஸ். என்ற லினக்ஸ் வழங்கலைப் பரீட்சித்துப் பார்த்தார். விளையாட்டுகளுக்கான ஸ்டீம் என்னும் மென்பொருளை வைக்க முயன்றார். கவனியுங்கள்: அவர் எதையும் நீக்க விரும்பவில்லை, ஒன்றைச் சேர்க்கத்தான் விரும்பினார். அந்த நேரத்தில் களஞ்சியத்திலிருந்த சில பொதிகள் ஒன்றுக்கொன்று இசையாமல் இருந்தன. ஸ்டீம் வர வேண்டுமானால் டெஸ்க்டாப் போக வேண்டும் என்று கணக்கு விழுந்தது.

ஆப்ட் அதை மறைக்கவில்லை. போகப் போகிறவற்றின் பட்டியலைக் காட்டியது. பெரிய தீங்கு விளையக்கூடும் என்று எச்சரித்தது. வெறுமனே "சரி" என்றால் போதாதென்று, "ஆம், நான் சொல்கிறபடி செய்!" என்னும் பொருள்படும் முழு வாக்கியத்தையும் கையால் தட்டச் சொன்னது. அவரும் தட்டினார். டெஸ்க்டாப் போய், கறுப்புத் திரையில் எழுத்துக்கள் மட்டும் மிஞ்சின.

குற்றம் யாருடையது என்று அப்போது பெரிய விவாதம் எழுந்தது. இசையாத பொதிகளைக் களஞ்சியத்தில் விட்டவர்களுக்கும் பங்கு உண்டு. எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்தவருக்கும் பங்கு உண்டு. நல்ல பலன் ஒன்றும் கிடைத்தது. அவ்வருஷத்தின் கடைசியிலேயே ஆப்டை எழுதுவோர் அதன் கணக்கு முறையைத் திருத்தினார்கள். இன்றியமையாதவை என்று குறிக்கப்பட்ட பொதிகளை ஆப்ட் இனித் தானாக நீக்கத் துணிவதில்லை. வேறு வழி இல்லாவிடில் முடியாதென்று நின்றுவிடுகிறது. 2023-ல் வெளியான டெபியன் 12 முதல் அந்தத் திருத்தம் அதன் உபயோகஸ்தர் எல்லாருக்கும் கிட்டியிருக்கிறது.

ஆனால் இந்தக் காவல் இன்றியமையாதவை என்று குறிக்கப்பட்ட சிலவற்றுக்கு மட்டுமே. உங்கள் வீட்டுக் கணக்கு மென்பொருளும், குழந்தை பாடம் படிக்கும் மென்பொருளும், அச்சுப்பொறியை ஓட்டும் பொதியும் அந்தக் குறி பெற்றவையல்ல. அவற்றைக் காக்க வேண்டியவர் நீங்கள்தான்.

பலாத்காரம் பலிக்காது

பட்டியலைப் பார்த்து எரிச்சலடைந்த சிலர், "மற்றவர் யாரையும் தொடாதே, இதை மட்டும் பிடுங்கி எறி" என்று டி.பி.கே.ஜி.-யைப் பலவந்தம் செய்வதுண்டு. அதற்கும் கட்டளை இருக்கிறது. பொதி போய்விடும். அதை நம்பியிருந்தவை பெயரளவில் வீட்டிலேயே இருக்கும். ஆனால் திறந்தால் திறவா. அதற்குமேல், ஆப்ட் எந்தப் புதிய வேலைக்கும் ஒப்பாது. முதலில் குலைந்த சார்புகளைச் சீர்செய்யுங்கள் என்று பிடிவாதம் பிடிக்கும். கணக்கை ஏமாற்றலாம்; ஏமாற்றிய பின் தினமும் கணக்குப்பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இனி, எது போகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலர் அநாவசியமாகப் பயப்படுகிறார்கள். "ரிமூவ்" செய்தால் மென்பொருள் போகும். கணினிக்குப் பொதுவான அதன் அமைப்புக் கோப்புகள் தங்கும். "பர்ஜ்" செய்தால் அவையும் போகும். உங்கள் சொந்தக் கோப்புறையிலுள்ள கடிதங்கள், புகைப்படங்கள், கணக்குகள் ஆகியவற்றை இரண்டும் தொடுவதில்லை. ஆனால் தகவல்தளம் போன்ற சேவைகளின் சேமிப்பு வேறிடத்தில் இருக்கிறது. அவற்றைப் பர்ஜ் செய்தால் சேமித்த விவரங்களும் அழியக்கூடும். அங்கே பிரதி எடுத்து வைத்துக்கொண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஆகவே வாசகர்கள் வழக்கமாகக் கொள்ளத்தக்க சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

நீக்குமுன் ஒத்திகை பாருங்கள். ஆப்ட் கட்டளையோடு ஒரு சிறு கோடும் எஸ் என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால், நடக்கப் போவதையெல்லாம் சொல்லுமேயன்றி ஒன்றையும் செய்யாது.

பட்டியலை மேலிருந்து கீழ் வரை படியுங்கள். கடைசியில் எத்தனை சேரும், எத்தனை போகும் என்று எண் போட்டிருக்கும். ஒன்றை நீக்கச் சொன்ன இடத்தில் நாற்பது என்று இருந்தால், அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். பட்டியலில் "டெஸ்க்டாப்" என்ற சொல்லைக் கண்டால் இன்னும் ஒரு முறை யோசியுங்கள். கேள்வி கேட்காமலே எல்லாவற்றுக்கும் "சரி" என்று பதில் அளிக்கும் வசதியை, நீக்கும் வேலையில் ஒருபோதும் உபயோகிக்காதீர்கள்.

சேர்க்கும்போதும் போகிறவற்றின் பட்டியலைப் பாருங்கள். லைனஸ் செபாஸ்டியனுக்கு நேர்ந்தது சேர்க்கும்போதுதான்.

தவறு நேர்ந்துவிட்டால் கலங்கி, உடனே கணினியை அணைத்துவிட வேண்டாம். என்னென்ன பொதிகள் எந்த நேரத்தில் போயின என்பதை ஆப்ட் தன் சரித்திரக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பெயர்களையே மறுபடி வைக்கச் சொன்னால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். ஃபெடோரா வழங்கலில் டி.என்.எஃப். என்னும் மென்பொருளுக்கு, செய்த காரியத்தை ஒரே கட்டளையில் மீட்கும் வசதியும் உண்டு. ஆனால் அது, துணையாக வந்தவற்றையும் கேளாமலே சேர்த்து நீக்கும் வழக்கமுடையது. அங்கே பட்டியலை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாம் சாதாரணமாக ஒரு சிறு மென்பொருளை நீக்குவதால் மிச்சமாகும் இடம், நாலைந்து புகைப்படங்களுக்குக்கூடப் போதாததாக இருக்கலாம். அதற்காகப் பரீட்சைக்கு முந்திய இரவில் குழந்தையின் கணினியில் கை வைப்பது புத்திசாலித்தனமாகாது. வேலையில்லாத ஒரு மத்தியான்னம் பார்த்து, ஒத்திகை செய்து, பட்டியலைப் படித்து, அதன் பின் நீக்குங்கள். "இனி யாருக்கு வேண்டும்?" என்று கேட்டவுடன் பதில் சொல்லும் வீடு வெகு அபூர்வம். லினக்ஸ் அப்படிப்பட்ட வீடு. கேட்டதற்குப் பதில் வரும்வரை பொறுத்திருப்பது ஒன்றே நம் வேலை.